வண்டிப்பாதை வழியே திருவண்ணாமலை

செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்கு எதிர்ப்புறம் காலை ஆறு மணிக்கே கூடையை இறக்கி வைத்துவிடுகிறார் ஒரு பாட்டி. அவித்த மல்லாட்டை, ஈரத்துணியை விலக்கினால் ஆவி கிளம்புகிறது. பெங்களூரிலிருந்து வந்த இளம் தம்பதி ஒரு படி கேட்கிறார்கள். "எந்த ஊர்க் கடலைம்மா?" என்கிறாள் அந்தப் பெண். "கடலை இல்ல கண்ணு, மல்லாட்டை. நம்ம கொல்லையில புடுங்குனது." கொல்லை எங்கே என்று கேட்டதும், மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பித் தெற்கே கையை நீட்டுகிறார் பாட்டி. இருவரும் அந்தத் திசையை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஆட்டோ ஏறிக் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள்.

திருவண்ணாமலைக்கு வருகிற பெரும்பாலோர் பார்ப்பது மலையின் பக்கம் மட்டும்தான். பார்க்க வேண்டியதும்தான். கிருஷ்ணதேவராயர் தொடங்கி செவ்வப்ப நாயக்கர் முடித்த 217 அடி ராஜகோபுரம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, ஸ்கந்தாசிரமத்திலிருந்து 1922இல் ரமணர் இறங்கி வந்து தங்கிய அடிவாரம் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கின்றன. ஆனால் பாட்டி கை நீட்டிய பக்கமும் திருவண்ணாமலைதான். சமுத்திரம் ஏரி, அதைச் சுற்றிய கழனி, கொல்லை, பனை, அதற்கப்பால் தென்பெண்ணையும் 1958இல் கட்டி முடித்த சாத்தனூர் அணையும். இந்த ஊர் கோயில் நகரம் என்பது எல்லோருக்கும் தெரியும். நெல்லும் மல்லாட்டையும் மாடும் கைமாறும் சந்தை நகரமும் இதுதான் என்பதை, கார்த்திகை தீபத்தை ஒட்டி மாட்டுச்சந்தை கூடும் சில நாட்கள் தவிர, வருகிறவர்கள் உணர்வதே இல்லை.

இத்தனைக்கும் அதற்கான சாட்சி ஆசிரமத்துக்குள்ளேயே இருக்கிறது. பசு லட்சுமியின் சமாதி. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்துப் பக்தர் ஒருவர் 1926இல் அவளைத் தாய்ப்பசுவோடு கன்றாகக் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கு ஆசிரமத்தில் மாடு பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஊருக்குள் ஒருவரிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் லட்சுமி தினமும் தானே நடந்து ஆசிரமத்துக்கு வந்து, மாலையில் தானே திரும்பிப் போகத் தொடங்கினாள். ஒரு பசு தனியாக நடந்து போய்த் திரும்ப ஊருக்கும் அடிவாரத்துக்கும் இடையே வழி இருந்த காலம் அது. 1948 ஜூன் 18இல் அவள் இறந்தாள்; அன்று காலை ரமணர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த வரிசையில் மான், காகம், நாய் ஆகியவற்றின் சமாதிகளும் உண்டு.

நாய் என்றதும் தண்டராம்பட்டு வட்டத்து எடுத்தனூர் நடுகல் நினைவுக்கு வராமல் போகாது. முதலாம் மகேந்திரவர்மன் காலம். தொறு, அதாவது மாட்டு மந்தை, கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எழுப்பிய கல் அது. அவனோடு நின்று இரண்டு கள்ளரைக் கடித்த நாய்க்கும் கல்லில் உருவம் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். மன்னர்களின் பெயர்களை மெய்க்கீர்த்தியில் தேடிப் படிக்கிறோம். மாட்டைக் காத்த ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக வட்டெழுத்தில் நிற்பது இந்த மாவட்டத்தின் பெரும் செல்வங்களில் ஒன்று. செங்கம் வட்டாரம் முழுக்க இப்படிப்பட்ட கற்கள் கிடைத்திருக்கின்றன. மாட்டை வைத்து வாழ்ந்த, மாட்டுக்காக உயிர் கொடுத்த நாடு இது. கோபுர நிழலிலிருந்து ஒரு பேருந்துப் பயணத்தில் அதற்குள் போய்விடலாம்.

ஊரோடு வயலையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் வேறு இடங்களில் உண்டு. இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் லட்லோ என்று ஒரு சந்தை நகரம் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கிய கோட்டை, அதன் வாசலில் இன்றும் கூடும் சந்தை. அங்கே போகிறவர்கள் கோட்டையையும் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுச் சந்தையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு வயல்வெளிக்கு நடந்துவிடுகிறார்கள். மார்ட்டிமர் டிரெயில் என்ற 30 மைல் நடைவழி அந்த ஊரில்தான் தொடங்குகிறது. தனியார் நிலத்தின் ஊடே எப்படி நடக்க முடிகிறது? 1949இல் அவர்கள் இயற்றிய சட்டம், பொதுமக்கள் வழக்கமாக நடந்துவந்த பாதைகளை வரைபடமாக்கிக் காக்கும் பொறுப்பை உள்ளாட்சியிடம் கொடுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படிப்பட்ட பொதுவழிகள் இன்று சுமார் 2,25,000 கிலோமீட்டர். வயலின் குறுக்கே போகும் பாதையை உழுகிற விவசாயி, குறித்த கெடுவுக்குள் அதைச் சமன்செய்து தரவேண்டும்.

அந்த வரைபடத்துக்காக நாம் ஏங்க வேண்டியதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் இருக்கும் பதிவேடுகளைப் புரட்டினாலே போதும். வண்டிப்பாதை, வாய்க்கால், ஓடை, களம், மேய்க்கால் புறம்போக்கு என்று ஒவ்வொன்றும் புல எண்ணோடு எழுதப்பட்டிருக்கிறது. தாளில் இருக்கும் பாதை தரையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இப்போது அவசரம். ஏனென்றால் ரமணாசிரமத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் கொல்லைகள் வேகமாக மனைகளாகின்றன. இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவே அகப்பட்ட வண்டிப்பாதை முதலில் சந்தாகிறது, பிறகு யாருடைய மதிற்சுவருக்கோ உள்ளே போய்விடுகிறது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஓடைக்கும் இதே கதிதான்.

மலையும் நீரும் பொறுத்துக்கொண்டே இருக்காது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்சரிந்து ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்துக்கு மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டு, 2016இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட நேர்ந்ததும் இங்கேதான். வருகிறவர்கள் லட்சக்கணக்கில் பெருகப் பெருகச் சாலையை மட்டும் அகலப்படுத்திக்கொண்டே போவது எங்கே கொண்டுபோய் விடும்?

நிலத்தை விற்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உரம், ஆள்கூலி, வானம் எல்லாம் போக மல்லாட்டையில் மிஞ்சுவது எவ்வளவு என்று அவரைக் கேட்டால் தெரியும். அதனால்தான் வருகிறவரின் பணம் விடுதியோடும் கடையோடும் நின்றுவிடாமல் கொல்லை வரை போகவேண்டும். இன்னும் ஒரு நாள் தங்கி, உழவர் சந்தையில் காய் வாங்கி, ஏரிக்கரையில் நடந்து, எடுத்தனூருக்கோ சாத்தனூருக்கோ போய் வருகிறவர்கள் கூடினால், கழனியைக் கழனியாகவே வைத்திருக்க ஒருவருக்காவது காரணம் கிடைக்கும். குப்பையும் கூடவே வரும் என்ற கவலை நியாயமானது. பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையைப் பார்த்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே கூட்டம் கூட்டமாகப் பேருந்தில் ஏற்றி வயலில் இறக்கும் சுற்றுலா வேண்டாம். நாலைந்து பேர் நடந்து போகும் வழி போதும்.

2024இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆகிவிட்டது. சுற்றுக் கிராமங்கள் நகரத்துக்குள் வரும் காலம் இது. ஒரு மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவதற்கு முன், அந்தப் புல எண்களில் உள்ள வண்டிப்பாதையையும் ஓடையையும் அளந்து கல் நடுவதை மாநகராட்சியும் வருவாய்த் துறையும் கட்டாயமாக்க வேண்டும். முதல் கல்லைச் செங்கம் சாலையிலிருந்து சமுத்திரம் ஏரிக்கு இறங்கும் வழியில் நடலாம். மல்லாட்டைக் கூடை காலியானதும் பாட்டி வீட்டுக்குத் திரும்புவது அந்தப் பக்கம்தான்.