சைலன்ஸருக்குப் பதினைந்தாயிரம், ஸ்பிரிங்குக்குப் பூஜ்யம்!

சனிக்கிழமை ராத்திரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போலீஸ் பைக்குகளை மடக்குகிறது. மறுநாள் டி.வி.யில் வரிசையாக நிற்கும் பைக்குகள், முகத்தைக் கர்ச்சீப்பால் மூடிய பையன்கள். சில ஊர்களில் பிடுங்கிய சைலன்ஸர்களைத் தரையில் பரப்பி, மேலே ரோடு ரோலர் ஏற்றுகிறார்கள். காமிராவுக்கு நல்ல காட்சி. நாமும் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இவனுங்களையெல்லாம் உள்ள தள்ளணும் சார்" என்கிறோம். அடுத்த சனிக்கிழமை அதே ரோடு, வேறு பையன்கள்.

ரோடில் ரேஸ் விடுகிறவனுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. மீன் வாங்கிக்கொண்டு சாலையைக் கடக்கிற பாட்டிக்கு அவன் எமன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. போடட்டும். தாராளமாகப் போடட்டும். ஆனால் தண்டனை கொடுத்த பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இவனுக்கு பைக் ஓட்ட யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

யாரும் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டு போட்டான். பத்து கிலோமீட்டர் வேகத்தில், காலைக் கீழே ஊன்றாமல். முடிந்தது. அந்த எட்டைப் போட்டவன் 100 சி.சி. பைக்கும் ஓட்டலாம், 1000 சி.சி. பைக்கும் ஓட்டலாம். கியர் வைத்த எல்லாவற்றுக்கும் நம் ஊரில் ஒரே லைசென்ஸ். இங்கிலாந்தில் 17 வயதுப் பையனுக்கு 125 சி.சி. வரைதான். 19 வயதில் நடுத்தர பைக். படிப்படியாக வராமல் நேராகப் பெரிய பைக்குக்குப் போக வேண்டுமென்றால் 24 வயது ஆக வேண்டும். நாம் எல்.கே.ஜி. பரீட்சை வைத்துவிட்டு டாக்டர் பட்டம் கொடுக்கிறோம்.

ஒரு காலத்தில் பரவாயில்லை. எண்பதுகளின் ஹீரோவான ஆர்.எக்ஸ்.100-க்கு 11 குதிரைசக்திதான். அதற்கே மாமனார்கள் பெண் கொடுக்க யோசித்தார்கள். இன்று ஷோரூமில் நிற்கும் 390 சி.சி. பைக்குக்கு 40-க்கு மேல். விலை கிட்டத்தட்ட மூன்று லட்சம். மாதத் தவணையில் தருகிறார்கள். ஹெல்மெட் இனாம். பயிற்சி? "அதெல்லாம் தானா வந்துடும் தம்பி!"

தானாக வருவது எது என்பதற்கு அரசாங்கமே கணக்கு வைத்திருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் டூவீலரில் போனவர்கள் 74,897. நாள் ஒன்றுக்கு 205. ஒரு ஜம்போ விமானம் தினமும் விழுந்தால் பாராளுமன்றம் நடக்குமா? இது மட்டும் ஏழாம் பக்கச் செய்தி.

இனி தம்பிகளிடம் கொஞ்சம் பேச வேண்டும். பைக் வாங்கிய முதல் மாதமே ஜி.பி. ரோடுக்கோ புதுப்பேட்டைக்கோ ஓடுகிறீர்கள். முதலில் சைலன்ஸர். பதினைந்தாயிரம். அப்புறம் நீல கலர் லைட், சின்ன நம்பர் பிளேட், பின்னால் மட்கார்டைக் கழற்றி எறிவது. இதில் ஒன்றாவது பைக்கை நன்றாக ஓட வைக்குமா? வெறும் சைலன்ஸரால் கிடைக்கும் கூடுதல் சக்தி, காலையில் இரண்டு இட்லி குறைத்துச் சாப்பிட்டால் கிடைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கிடைப்பது சத்தம். நாலு தெரு தள்ளி இருக்கும் இதய நோயாளிக்கும் தெரியும்படி, 'நான் வந்துவிட்டேன்' என்கிற அறிவிப்பு.

பைக்கில் உங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு சாமான். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்னால் ஃபோர்க், பின்னால் ஷாக் அப்சார்பர்.

ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் உங்கள் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிப்பது, வளைவில் சாய்வது, முறுக்குவது எல்லாமே இந்த இரண்டு உள்ளங்கைகள் வழியாகத்தான். சஸ்பென்ஷன் என்பது முதுகு வலிக்காமல் இருப்பதற்கு என்று நினைக்கிறோம். அது இரண்டாவது வேலை. அந்த உள்ளங்கைகளை ரோட்டிலிருந்து எடுக்காமல் அழுத்தி வைத்திருப்பதுதான் முதல் வேலை. 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 28 மீட்டர் போகிறீர்கள். பள்ளத்தில் விழுந்து எழுந்த சக்கரம் அரை நொடி தத்தளித்தால் 14 மீட்டர் தூரம் உங்கள் பிரேக்குக்கு அர்த்தமே இல்லை.

இதில் ஸ்பிரிங்குக்கு ஒரு வேலை, ஆயிலுக்கு ஒரு வேலை. ஸ்பிரிங் அமுங்கி, வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் பைக், பொருட்காட்சியின் பொம்மைக் குதிரை மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது உள்ளே இருக்கிற ஆயில். சின்னச் சின்னத் துளைகள் வழியாக அது நெருக்கிக்கொண்டு போகும்போது, ஆட்டம் உஷ்ணமாக மாறிக் கரைந்துவிடுகிறது. அமுங்கும் வேகத்தை ஒரு துளை பார்த்துக்கொள்ளும், எழும்பும் வேகத்தை இன்னொன்று. எஞ்சின் ஆயிலை நேரம் தவறாமல் மாற்றுகிறவர்களைக் கேட்கிறேன், ஃபோர்க் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்? "அதுல ஆயில் இருக்கா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். சீல் போய் ஃபோர்க் குழாயில் எண்ணெய் வழிந்தபடி ஓடும் எத்தனையோ பைக்குகளை எந்த சிக்னலிலும் பார்க்கலாம். சைலன்ஸர் மட்டும் பளபளவென்று இருக்கும்.

கம்பெனிக்காரன் ஸ்பிரிங் போடும்போது யாரை நினைத்துப் போடுகிறான்? 55 கிலோ கல்லூரி மாணவனையும், 95 கிலோ மேனேஜரையும், பின்சீட்டில் மனைவி, டாங்க் மேல் குழந்தை, நடுவில் காய்கறிப் பை என்று போகும் குடும்பஸ்தனையும் ஒன்றாகக் கூட்டி வகுத்துப் போடுகிறான். அந்தச் சராசரி மனிதர் நீங்கள் இல்லை. அதனால் உங்கள் எடைக்கு பைக்கைச் சரிசெய்ய வேண்டியது உங்கள் பொறுப்பு. இதற்கு முதல் செலவு பூஜ்யம். இரண்டு நண்பர்கள், ஒரு தையற்கடை டேப். சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி ஒரு அளவு, நீங்கள் உட்கார்ந்து ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் ரோட்டுக்குச் சரி. டிராக்கில் ஓட்டுகிறவர்கள் பொதுவாக 30-லிருந்து 35 மில்லிமீட்டர் வைப்பார்கள். கூடினாலும் குறைந்தாலும் பின் ஷாக்கில் இருக்கும் வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் திருப்ப வேண்டும். பெரும்பாலான பைக்குகளில் அந்த வளையம் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாமல் துருப்பிடித்துப் போய் இருக்கிறது.

அப்புறம்தான் செலவு. முதலில் நல்ல டயர், சரியான காற்று. பிறகு புது ஃபோர்க் ஆயில், புது சீல். பிறகு, டிராக்குக்கென்றே ஒதுக்கிய பைக்காக இருந்தால், உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங். கடைசியில்தான் திருகித் திருகி மாற்றக்கூடிய விலையுயர்ந்த ஷாக். சிலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 1976-ல் ஸ்வீடனில் ஆரம்பித்த ஓலின்ஸ் கம்பெனியின் தங்கக் கலர் சாமானை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கி மாட்டிவிட்டு, அதன் திருகை ஒருமுறைகூடத் தொடாமல் காபி ஷாப் வாசலில் நிறுத்தி வைக்கிறார்கள். வீணை வாங்கி ஷோகேஸில் வைத்த மாதிரி. ரோட்டு பைக்கில் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றாதே என்று சட்டத்தின் 52-வது பிரிவு வேறு இருக்கிறது. ஆயில் மாற்றுவதையும் வளையம் திருப்புவதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதைத்தான் யாரும் செய்வதில்லை.

சரி, இவ்வளவும் செய்து பைக்கைத் தயார் பண்ணிவிட்டான் பையன். எங்கே போய் ஓட்டுவான்?

சென்னைக்காரனுக்கு பதில் பக்கத்திலேயே இருக்கிறது. பூந்தமல்லி தாண்டி, ஹூண்டாய் ஃபேக்டரி இருக்கிற இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பித்தது. இரண்டாம் உலகப்போரின் விமான ஓடுதளமான சோழவரத்தில் பல வருஷம் ரேஸ் நடத்தி, 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் போட்டார்கள். 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. 2011-ல் 125 சி.சி. உலகப் போட்டியில் முதல் இந்தியராக ஓட்டினாரே, அந்த சரத்குமார் (நடிகர் இல்லை) சென்னைப் பையன்தான். டிராக்குக்கும் திறமைக்கும் நம்மிடம் பஞ்சமில்லை.

டிராக் டே என்பது ரேஸ் இல்லை. கோப்பை கிடையாது. அனுபவத்தைப் பார்த்துக் குழு பிரிப்பார்கள். பைக்கைப் பரிசோதிப்பார்கள். கண்ணாடியைக் கழற்றி, லைட்டில் டேப் ஒட்டி, தோல் சூட் போட்டுக்கொண்டு, பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு உள்ளே வரவேண்டும். கொடியோடு ஆட்கள், தயாராக ஆம்புலன்ஸ். எதிரே லாரி வராது. நாய் வராது. ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்காது. அதே வளைவு திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் ஷாக்கின் திருகை ஒரு 'க்ளிக்' மாற்றினால் என்ன ஆகிறது என்பது அங்கே புரியும். ரோட்டில் ஆயுசுக்கும் புரியாது. இன்னொன்றும் புரியும். தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தவனை, பழைய 150 சி.சி. பைக்கில் ஒரு பொடியன் வெளிப்பக்கமாகத் தாண்டிப் போவான். ரோட்டில் ராஜா, டிராக்கில் கூஜா. அந்த அவமானம் ஒரு நல்ல வாத்தியார்.

"டிராக்கிலும்தான் சாகிறார்கள்" என்பீர்கள். உண்மை. 2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில், தேசியப் போட்டியில் ஓட்டிய 13 வயதுப் பையன் இறந்தான். மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. சின்னப் பிள்ளைகளை எந்த வயதில் எந்த பைக்கில் ஏற்றுவது என்று அந்த மரணம் கேட்ட கேள்விக்கு, சங்கங்கள் தெளிவாகப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அது போட்டி. நான் கேட்பது பெரியவர்களுக்கான பயிற்சி.

"வேகத்தைச் சொல்லிக்கொடுத்தால் ரோட்டிலும் வேகமாகத்தான் போவான்" என்பது அடுத்த வாதம். இதிலும் விஷயம் இருக்கிறது. நார்வேயில் வழுக்குப் பாதையில் கார் ஓட்டும் பயிற்சி கொடுத்தபோது, இளைஞர்களின் விபத்து குறைவதற்குப் பதில் கூடியது. தெரியும் என்கிற தைரியம். ஆகவே டிராக் மட்டும் மருந்தில்லை. டிராக்கில் கதவைத் திறக்கும்போதே ரோட்டில் கதவை மூட வேண்டும். இப்போது இரண்டு கதவும் பாதி திறந்து கிடக்கின்றன.

டிராக் கதவு ஏன் பாதி? காசு. நுழைவுக் கட்டணம் சில ஆயிரங்கள். தோல் சூட், பூட்ஸ், கையுறை என்று பல பத்தாயிரங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஃப்ரீ. எதைத் தேர்ந்தெடுப்பான் வியாசர்பாடிப் பையன்? பைக் கம்பெனிகள் விளம்பரத்தில் மலைப்பாதையில் பைக்கைச் சாய்த்துக் காட்டிவிட்டு, கீழே எறும்பு சைஸ் எழுத்தில் 'இதை முயற்சி செய்யாதீர்கள்' என்று போடுகின்றன. முயற்சி செய்யக்கூடாது என்றால் எதற்கய்யா காட்டுகிறீர்கள்? சில கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களை டிராக்குக்கு அழைத்துப் போய்ச் சொல்லிக்கொடுக்கின்றன. பாராட்டலாம். ஆனால் அது விருப்பப்பட்டவர்களுக்கான பிக்னிக்காக இருக்கக்கூடாது. இரண்டு லட்சத்துக்கு மேல் விற்கும் ஒவ்வொரு பைக்கின் விலையிலும் ஒருநாள் பயிற்சி அடங்கியிருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் பைக்கை வெளியே விடுவதில்லை அல்லவா, அதுபோல.

அரசாங்கத்துக்கும் பணமில்லை என்று சொல்ல வாயில்லை. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 கார் ரேஸ் நடந்தது. ஹைகோர்ட் வரை போய் நடந்தது. கோடிக்கணக்கில் அரசுப் பணம். இரண்டு நாள் வேடிக்கைக்கு ஊரையே மூட முடிந்தவர்களுக்கு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டையையும் செட்டிபாளையத்தையும் வாடகைக்கு எடுக்க முடியாதா? நூறு தோல் சூட் வாங்கி, நூலகப் புத்தகம் மாதிரி இரவல் கொடுக்க முடியாதா? முதல் தடவை பிடிபட்டவனுக்கு அபராதத்தோடு கட்டாயமாக ஒருநாள் டிராக் பள்ளி என்று உத்தரவு போட முடியாதா? அங்கே ஒருநாள் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டும், மறுபடி ரோட்டில் ரேஸ் விட்டால் லைசென்ஸைக் கிழித்துப் போடுங்கள். கைதட்ட நான் முதல் ஆளாக வருவேன்.

அதுவரை ரோடு ரோலரை ஷெட்டிலேயே வைத்திருங்கள். எட்டு போடத் தெரிந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியது நாம். ஒன்பதாவது வளைவில் விழுந்தவனை மட்டும் திட்டினால் எப்படி?