ஐந்து வயது வரை பொறுப்பதா?

ஒன்றரை வயதுக் குழந்தை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. தொலைக்காட்சியில் விளம்பரப் பாட்டு கேட்டால் மட்டும் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறது. ‘காது நன்றாகத்தான் கேட்கிறது, பிடிவாதம்’ என்று வீடு நிம்மதி கொள்கிறது. கவலைப்பட வேண்டிய இடமே அதுதான்.

‘அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்’ என்பார் பாட்டி. நாக்கில் வசம்பு தடவச் சொல்வார்கள் உறவினர்கள். ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் பாடிய வரலாறும் நினைவூட்டப்படும். வேண்டுதலில் குற்றமில்லை; ஐந்து வயது வரை பொறுத்திருப்பதே ஆபத்து. மூளை மிக வேகமாக வளரும் முதல் சில ஆண்டுகள்தாம் பயிற்சிக்கு ஏற்ற காலம். அதைத்தான் காத்திருந்தே தொலைக்கிறோம்.

ஒரு வயதாகியும் மழலை ஒலியோ, கை காட்டுவதோ, டாட்டா காட்டுவதோ இல்லை. ஒன்றரை வயதிலும் காக்கையையோ நாயையோ விரல் நீட்டிக் காட்டுவதில்லை. இரண்டு வயதாகியும் ‘அம்மா வா’ என்பதுபோல இரு சொற்களைச் சேர்த்துச் சொல்வதில்லை. கண் பார்த்துச் சிரிப்பது அரிது. கார் பொம்மையை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவுகட்ட வேண்டாம். மருத்துவரைப் பார்க்காமலும் இருக்க வேண்டாம். பேசிவந்த சொற்கள் நின்றுபோனால், எந்த வயதானாலும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் செவித்திறன் சோதனை, பிறகு வளர்ச்சி மதிப்பீடு. பேச்சுப் பயிற்சியையும் செயல்முறைப் பயிற்சியையும் தொடங்கச் சான்றிதழுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆட்டிசத்தை மருந்தால் மாற்றிவிடலாம் என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். தாயின் வளர்ப்பைப் பழிப்பதும் வேண்டாம். தடுப்பூசியோடு ஆட்டிசத்தை முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது.

பொறுப்பு பெற்றோருடையது மட்டுமல்ல. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிவதற்கும் சேர்த்தே வகுக்கப்பட்டது. மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் அதன் அங்கம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால், ஒரு மணி நேரப் பயிற்சிக்காக ஒரு நாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறும் தாய், எத்தனை வாரம் தொடர்ந்து வர முடியும்?

வழி எளிது. 16 முதல் 24 மாதத்துக்குள் ஊக்கத் தடுப்பூசிக்காகக் குழந்தை எப்படியும் சுகாதார நிலையத்துக்கு வருகிறது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிச அறிகுறிகளைக் கண்டறிய உதவும் ‘எம்-சாட்’ வினாப்பட்டியலின் திருத்திய வடிவில் இருப்பவை ‘ஆம்’, ‘இல்லை’ என்று பெற்றோர் பதில் சொல்லக்கூடிய 20 கேள்விகளே. ஊசி போடும் அன்றே செவிலியர் அவற்றைக் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். ஐயத்துக்குரிய குழந்தைகளை அங்கன்வாடி ஊழியர் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பயிற்சியாளர்கள் வட்டார மருத்துவமனைக்கே வாரந்தோறும் வர வேண்டும். பயிற்சியாளர் பணியிடங்களுக்கு வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு பணம் ஒதுக்கட்டும். இன்று ஒன்றரை வயதிலிருக்கும் குழந்தைக்கு அடுத்த ஆண்டு என்பது தாமதம்.