பழைய ஏடும் பழைய எஞ்சினும்

மாந்தர் தம் இளமைக் காலத்தோடு இயைந்த பொருள்கள்மீது பற்றுக்கொள்ளுதல் இயல்பு. பாட்டனார் சாய்ந்திருந்த நாற்காலி, பாட்டியார் வெற்றிலை இடித்த உரல், தந்தையார் எழுதிய பேனா முதலியவற்றைப் பலர் போற்றி வைப்பர். அவற்றால் இன்று பெரும்பயன் யாதும் இல்லையெனினும், எறிந்துவிட மனம் ஒருப்படுவதில்லை. இத்தகைய பற்று எந்திரங்களின்மீதும் செல்வதுண்டு. ஜப்பான் நாட்டார் செய்து உலகெங்கும் அனுப்பிய பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களின்மீது இன்று பல நாட்டினரும் கொண்டுள்ள பற்று அவ்வகையைச் சார்ந்தது. ஜப்பானிலும், இங்கிலாந்திலும், அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும், இந்தியாவிலும், துருவேறிக் கிடந்த அவ்வண்டிகளைத் தேடிப் பெற்று, திருகு திருகாகப் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் ஓடச்செய்வோர் பலர் உளர்.

இம்முயற்சியை வீண்வேலை என்று நகைப்பவர் ஒருசாரார். அக்காலமே பொற்காலம், அவ்வண்டியே வண்டி என்று புகழ்பவர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் முழு உண்மை ஆகா. பழம்பொருளைப் போற்றுதல் நன்றே; ஆயின், போற்றுதற்கு ஒரு முறை உண்டு. அம்முறை யாதென அறிதற்கு முன், அவ்வண்டிகளின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

ஜப்பானில் ஹமமாட்ஸு என்பது ஒரு தொழில்நகர். நெசவுத் தறிகளுக்கும் இசைக்கருவிகளுக்கும் பெயர்பெற்றது. இரண்டாம் உலகப்போரில் அந்நகர் குண்டுவீச்சுக்கு இலக்காகிப் பெரிதும் அழிந்தது. போர் முடிந்தபோது மக்கள் கையில் பணமில்லை; ஊர்திகளும் இல்லை. ஆயினும் தொழிலறிந்த கைகள் இருந்தன. 1946-ஆம் ஆண்டில் சோயிச்சிரோ ஹோண்டா என்பவர், படையினர் பயன்படுத்தி எஞ்சிய சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிள்களிற் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1909 முதல் தறிகள் செய்துவந்த சுசுகி நிறுவனத்தார், 1952-இல் 36 சி.சி. அளவுள்ள சிறு எஞ்சினைச் சைக்கிளிற் பொருத்தி வெளியிட்டனர். ஆர்கனும் பியானோவும் செய்துவந்த யமஹா நிறுவனத்தார், போர்க்காலத்தில் விமானங்களுக்குச் சுழல்விசிறி செய்யப் பயன்பட்ட எந்திரங்கள் வீணே கிடத்தலைக் கண்டு, அவற்றைக் கொண்டு மோட்டார் சைக்கிள் செய்ய முற்பட்டனர். 1955-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் வண்டி 125 சி.சி. அளவினது. அதன் செந்நிறமும் மெல்லிய வடிவும் கண்ட மக்கள் அதனைச் 'செந்தும்பி' என்று அழைத்தனர். அது பிறந்த ஆண்டிலேயே பியூஜி மலையேற்றப் போட்டியில் வெற்றி பெற்றது. இன்றும் யமஹாவின் சின்னம் மூன்று இசைக்கவைகளே என்பது, அந்நிறுவனத்தின் பழந்தொழிலை நினைவூட்டும்.

இவ்வண்டிகள் பலவற்றிலும் அமைந்த எஞ்சின் 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இருவீச்சு எஞ்சின். நான்கு வீச்சு எஞ்சினில் தண்டு இருமுறை சுழன்றால் பெட்ரோல் ஒருமுறை வெடித்து ஆற்றல் தரும். இருவீச்சு எஞ்சினிலோ ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு வெடிப்பு உண்டு. வால்வுகளும் அவற்றை இயக்கும் உறுப்புகளும் இதற்கு வேண்டா. சிலிண்டரின் சுவரிலுள்ள துளைகளை, மேலும் கீழும் செல்லும் பிஸ்டனே திறந்தும் மூடியும் வாயில்காப்போன் போலப் பணிசெய்யும். ஆகவே உறுப்புகள் சில, எடை குறைவு, விலையும் குறைவு, அளவில் சிறிதாயினும் ஆற்றல் பெரிது. வறுமையுற்ற நாட்டில் தொழில் தொடங்கியோர் இவ்வெஞ்சினைத் தேர்ந்தது வியப்பன்று.

ஆயினும் இக்கலை முழுதும் ஜப்பானிலேயே பிறந்தது எனல் பொருந்தாது. யமஹாவின் செந்தும்பி, ஜெர்மனியில் சோபாவ் என்னும் ஊரில் செய்யப்பட்ட டி.கே.டபிள்யூ. நிறுவனத்தின் 125 சி.சி. வண்டியை முன்மாதிரியாகக் கொண்டது. போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த அவ்வூரிலேயே எம்.இஸட். என்னும் நிறுவனம் அமைந்தது. அங்குப் பணியாற்றிய வால்டர் காடன் என்னும் பொறிஞர், புகைபோக்கிக் குழாயின் நடுவே வயிறு போன்ற அகற்சி அமைத்து, வெளியேறும் வாயுவின் அழுத்த அலை திரும்பி வந்து புதிய பெட்ரோற் கலவையை உள்ளே தள்ளுமாறு செய்தார். அந்நிறுவனத்தின் பந்தய வீரரான எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் தம் நாட்டை விட்டுத் தப்பிச் சென்று சுசுகி நிறுவனத்தைச் சேர்ந்தார். காடனின் நுட்பமும் அவருடன் சென்றது. மறு ஆண்டே, 50 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் சுசுகிக்குக் கிட்டியது. 1964-இல் 250 சி.சி. பிரிவில் யமஹாவும் உலகப் பட்டம் பெற்றது. வென்றவர் பெயரைச் சொல்வோர், வித்தை தந்த சோபாவையும் சொல்லுதல் முறை.

அதன்பின் பெரிய வண்டிகள் தோன்றின. கவாசாகி நிறுவனத்தார் 1969-இல் மூன்று சிலிண்டர்களும் 60 குதிரைத்திறனும் உடைய 500 சி.சி. வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். சுசுகி நிறுவனத்தார் 1971-இல் நீரால் குளிரூட்டப்படும் 750 சி.சி. வண்டியை வெளியிட்டனர்; அதனை அமெரிக்கர் 'நீரெருமை' என்று பெயரிட்டு அழைத்தனர். யமஹாவின் ஆர்.டி. 350 என்பது 1973-இல் வெளிவந்தது. இந்தியாவில் அதனையொட்டி ராஜ்தூத் 350 என்னும் வண்டி 1983-இல் வந்தது. 1984-இல் தமிழகத்தின் ஓசூரிலேயே சுசுகியின் துணையோடு 100 சி.சி. வண்டி செய்யப்பட்டது. 1985-இல் வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, 1996 வரை செய்யப்பட்டுப் பல்லாயிரவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

இத்துணைச் சிறப்புடைய வண்டிகள் பின்னர் மறைந்தது ஏன்? அவற்றின் குணமே அவற்றின் குற்றமாயிற்று. புகை வெளியேறும் துளையும் புதிய கலவை நுழையும் துளையும் ஒரே வேளையில் திறந்திருத்தலால், எரியாத பெட்ரோலில் ஒருபகுதி புகையோடு வீணே வெளியேறும். எஞ்சினின் உறுப்புகள் தேயாதிருத்தற்குப் பெட்ரோலுடன் கலந்த எண்ணெயும் எரிந்து நீலப்புகையாய்ப் பரவும். நகரங்களில் வண்டிகள் சிலவாக இருந்தபோது இத்தீங்கு தோன்றவில்லை. பலவானபோது மக்கள் மூச்சுக்கே கேடாயிற்று. அமெரிக்க அரசு 1978 முதல் மோட்டார் சைக்கிள்களின் புகைக்கு வரம்பு வகுத்தது. ஜப்பானும் 1998-இல் கடுமையான விதி வகுத்தது. அவ்விதிகளுக்கு உட்பட்டு இருவீச்சு வண்டிகளைக் குறைந்த செலவில் செய்தல் அரிதாகவே, அவை படிப்படியாகச் சந்தையை விட்டு நீங்கின. இம்முடிவு வருந்தத்தக்கதன்று. ஒருவர் இன்பத்திற்காக ஊரார் நுரையீரல் துன்புறுதல் அறமாகாது.

அங்ஙனமாயின், மறைந்தவற்றை மீண்டும் உயிர்ப்பிப்பது தகுமோ எனின், தகும் என்பதே விடை. அதற்குக் காரணம் வண்டியின் அழகு மட்டுமன்று. அதனுள் உறையும் அறிவு.

பழைய வண்டி ஒன்றைப் புதுக்குவோன் செய்யும் வேலை எளிதன்று. பெட்ரோல் தாங்கியினுள் படிந்த துருவை அகற்றுதற்குச் சிறு கற்களையோ திருகுகளையோ உள்ளிட்டுப் பன்னாள் குலுக்குவான். அழுத்திச் சேர்க்கப்பட்ட கிராங்குத் தண்டைப் பிரித்து, புதிய பேரிங்குகள் இட்டு, மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு அளவும் கோணாதவாறு மீண்டும் நேர்ப்படுத்துவான். அத்தண்டின் இருபுறமும் உள்ள ரப்பர் அடைப்புகள் ஆண்டுகள் பலவாதலின் இறுகிப் போயிருக்கும். அவற்றை மாற்றாமல் ஓட்டினால், இடுக்கின் வழியே காற்று புகுந்து பெட்ரோற் கலவையை நீர்த்துப்போகச் செய்யும். எஞ்சின் அளவிறந்து சூடேறும். பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். சில ரூபாய் பெறும் ரப்பர் வளையம் ஒன்றைப் பொருட்படுத்தாமையால் விலைமிக்க எஞ்சின் அழியும். இவற்றையெல்லாம் நூலில் எழுதிவைத்தல் இயலும். எனினும், எஞ்சினின் ஒலியைக் கேட்டே நோயை அறியும் செவியும், திருகை எவ்வளவு இறுக்குதல் வேண்டுமென உணரும் கையும் எழுத்தில் அடங்கா. முதிய தொழிலாளர் அருகிருந்து இளையோர் பயின்றால் அவை நிலைக்கும். இல்லையேல் அம்முதியோருடன் அவையும் மறையும்.

தமிழ்நாட்டில் ஓலைச்சுவடிகளுக்கு நேர்ந்ததும் இதுவே. ஏடு செல்லரிக்குமுன் பெயர்த்தெழுதுவார் இருந்த நூல்கள் பிழைத்தன. இல்லாத நூல்கள் பெயரளவில் நின்றன. அங்ஙனம் பிழைத்தவற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர், சிதைந்த இடங்களைத் தம் சொற்களால் நிரப்பி மறைக்கவில்லை. ஏடு இல்லாத இடத்தை இல்லையென்றே காட்டினர். வேறுபட்ட பாடங்களையும் அடியிற் குறித்தனர். அந்நேர்மையாலேயே அவர்தம் பதிப்புகள் கற்றோரால் நம்பப்படுகின்றன.

பழைய வண்டியைப் புதுக்குவோனும் ஒருவகைப் பதிப்பாசிரியனே. ஒரு வண்டியில் மற்றொரு வண்டியின் உறுப்பைப் பொருத்தி, இதுவே பழைய அமைப்பு என்று கூறுவானாயின், அது நூலில் இடைச்செருகல் செய்தலை ஒக்கும். தொழிற்சாலையில் ஒருநாளும் காணாத பளபளப்பை ஏற்றி, இதுவே அக்காலத்து அழகு என்பானாயின், அது பாடத்தைத் திருத்திப் பழித்தலை ஒக்கும். எஞ்சினில் பொறித்த எண்ணை அழித்து வேறு எண் பொறிப்பானாயின், அது பொய்ச்சாசனம் எழுதுதலே ஆகும். இன்றியமையாத மாற்றங்களைச் செய்யலாம். ஆனால் செய்தவற்றை ஒளியாது குறித்துவைத்தல் வேண்டும்.

வண்டியிற் காட்டவேண்டிய இந்நேர்மையை நினைவிலும் காட்டுதல் வேண்டும். கவாசாகியின் அந்த 500 சி.சி. வண்டி விரைவிற் சிறந்தது. ஆயின் முதலில் வந்த வண்டிகளின் முன்சக்கரத்தில் இருந்தது டிரம் பிரேக்கே. ஆற்றலுக்கு ஏற்ற அடக்கம் அதற்கு இல்லை. ஓட்டியவர் மனைவியைக் கைம்பெண் ஆக்கும் வண்டி என்று அக்காலத்தவரே அதற்குப் பெயரிட்டனர். விரைவை நினைந்து, விபத்தை மறப்பது நினைவன்று, மயக்கமே ஆகும். பழமையைப் போற்றுவோர் அதன் குற்றத்தையும் உடன்கூறினால்தான் அவர் கூறும் குணம் நம்பத்தக்கதாகும்.

இவ்வண்டிகளின் மீண்டும் எழும் புகை தீங்கன்றோ எனச் சிலர் வினவலாம். வினா தக்கதே. ஆண்டில் சில நாள், சில கல் தொலைவு ஓடும் சில வண்டிகளின் புகை, நகர் முழுதும் நாள்தோறும் ஓடிய பல்லாயிரம் வண்டிகளின் புகைக்கு ஈடாகாது. யமஹா நிறுவனத்தார் இவாத்தா நகரில் தம் பழைய வண்டிகளைக் காட்சிக்கு வைத்திருப்பதோடு, அவ்வப்போது சோதனைத் தடத்தில் ஓட்டியும் காட்டுகின்றனர். ஓடாத எஞ்சின் உள்ளே இறுகிப் போகும். ஓதாத நூல் போல அதுவும் மறக்கப்படும். ஆதலின் அளவோடு ஓட்டுதல் காத்தலின் ஒரு பகுதியே. ஆனால், பழமைப் பற்று என்னும் பெயரால் சைலன்ஸரின் உட்குழாயைக் கழற்றி, ஊர் அதிரத் தெருவில் விரைந்தோடும் இளைஞர் காப்பது எதனையும் அன்று. அவர் அவ்வண்டியைச் செய்தோர் வருந்தி அமைத்த நுட்பத்தையும் கெடுத்து, தெருவில் வாழ்வோர் அமைதியையும் கெடுக்கின்றனர். அவர் செயலால், முறையாகக் காப்போர்க்கும் பழி வருகின்றது.

இன்றைய வண்டிகள் புகையிலும் பாதுகாப்பிலும் பழையவற்றினும் மேம்பட்டவை. எனினும் ஒன்றில் பழையவை முந்துகின்றன. அவற்றை ஒருவன் ஸ்பேனர் முதலிய சில கருவிகளைக் கொண்டு பிரித்தறியலாம். காரணத்தையும் காரியத்தையும் கண்முன் காணலாம். கார்புரேட்டரின் சிறு துளை அடைபட்டால் எஞ்சின் ஏன் திணறுகின்றது என்பதைத் தன் கையாலேயே அறிந்துகொள்ளலாம். பழுதுற்றதை எறிந்து புதியது வாங்கும் இக்காலத்தில், பழுதின் காரணத்தைத் தேடிக் காணும் பொறுமை அருகி வருகின்றது. அப்பொறுமை இல்லாத நாட்டில் எந்திரம் வாங்குவோர் பெருகுவர். எந்திரம் செய்வோர் தோன்றார். போரால் அழிந்த ஹமமாட்ஸு, எஞ்சிய எந்திரங்களையும் பயின்ற கைகளையும் கொண்டே எழுந்தது.

ஆகவே, பழைய வண்டியைப் போற்றுவோர் அதன் புகையை அன்று, அதன் அறிவைப் போற்றுக. பளபளப்பை அன்று, உண்மையைக் காக்க. தாம் கற்ற கைத்தொழிலை இளையோர்க்குக் கற்பித்துச் செல்க. மாணவரும் ஒரு பொருள் பழுதுற்றவிடத்து அதனை எறியுமுன், அஃது எதனால் நின்றது என்று ஒருமுறை பிரித்துப் பார்க்கப் பழகுவாராக. அங்ஙனம் பழகியவர், தம் முன்னோர் விட்டுச்சென்றவற்றுள் எதனைக் காத்தல் வேண்டும், எதனை விடுத்தல் வேண்டும் என்பதையும் தெளிவாக அறிவர்.