டைட்டர் இறங்கியது சரி, செல் எப்படி இருக்கிறது?

ஆர்.என்.ஏ. குறுக்கீட்டைக் கொண்டு வைரஸ் பெருக்கத்தை அடக்கியதாக நமக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே முன்னுரையோடுதான் தொடங்குகின்றன: வைரஸின் மரபணுவைக் குறிவைத்தால் அது உருமாறித் தப்பிவிடும், ஓம்புயிர் செல்லின் மரபணுவைக் குறிவைத்தால் தப்ப வழியில்லை. முதல் பாதியில் தகராறு இல்லை. எச்.ஐ.வி.யும் போலியோவும் குறியிடத்தில் ஒரே ஒரு காரம் மாறியே தப்பியதை 2005-க்குள்ளேயே பார்த்துவிட்டோம். இரண்டாம் பாதியைத்தான் அப்படியே விழுங்க முடியவில்லை.

ஹெபடைட்டிஸ் சி-யை எடுத்துக்கொள்வோம். அந்த வைரஸ் கல்லீரல் செல்லின் மிர்-122 இல்லாமல் பெருகாது என்பது 2005-இல் தெரிந்தது. அதைப் பிடித்துக் கட்டிப்போடும் மிராவிர்சென், 36 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் (2013) மருந்தளவுக்கு ஏற்ப வைரஸ் அளவை இறக்கியது. இது நேரடியான ஆர்.என்.ஏ. குறுக்கீடு அல்ல, எதிர்நிரப்பு மூலக்கூறு. ஆனால் பாடம் ஒன்றே. மிர்-122 வந்து ஒட்டும் தன் 5' முனையில், 3-ஆவது நியூக்ளியோடைடை சி-யிலிருந்து யு-வாக மாற்றிக்கொண்டு வைரஸ் மீண்டும் தலைதூக்கியது. சி.சி.ஆர்.5-ஐ மூடினால் சி.எக்ஸ்.சி.ஆர்.4 வழியாக நுழையும் எச்.ஐ.வி. வகைகளும் உண்டு. ஓம்புயிர்க் குறி தப்பிக்கும் வாசலைச் சிறிதாக்குகிறது, அடைத்துவிடுவதில்லை.

எந்தப் புரதம் உண்மையில் தேவை என்பதிலேயே குழப்பம். எச்.ஐ.வி.க்கு வேண்டிய ஓம்புயிர்க் காரணிகளைத் தேடி 2008-இல் மூன்று குழுக்கள் முழு மரபணுத்தொகையையும் அலசி, ஆளுக்கு 200-க்கு மேற்பட்ட பெயர்களைத் தந்தன. எந்த இரண்டு பட்டியலை ஒப்பிட்டாலும் பொதுவானவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செல் வகை, அளவெடுத்த நேரம், வெட்டுவரம்பு என்று காரணங்கள் சொல்லலாம். ஆனால் குறி தவறிய அடக்கத்தின் பங்கும் சிறிதல்ல: 2 முதல் 8 வரையிலான விதைப்பகுதி பொருந்தினாலே போதும், வேறு பல எம்.ஆர்.என்.ஏ.க்களும் கூடவே அடங்கிவிடும். மரபணுப் பெயர் அளவில் சிதறிய அந்தப் பட்டியல்கள், உட்கருத் துளை, மீடியேட்டர் தொகுதி என்ற அளவில் ஓரளவு சேர்ந்துவந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பட்டியல்களில் இடம்பெற்ற டி.என்.பி.ஓ.3 பிறகும் தாக்குப்பிடித்து நின்றது.

கன்ட்ரோல் விஷயம் இன்னும் மோசம். எலிகளில் இன்ஃபுளுயன்சாவை அடக்கியதாகக் கொண்டாடப்பட்ட குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.க்களை 2008-இல் திரும்ப ஆராய்ந்தபோது, வேலை செய்தது பெரும்பாலும் குறுக்கீடு அல்ல, அவை கிளப்பிவிட்ட நோயெதிர்ப்புத் தூண்டல் என்று தெரிந்தது. ஒப்பீட்டுக்கு எல்லோரும் வைத்திருந்த ஜி.எஃப்.பி. வரிசைக்கோ தூண்டும் தன்மை வழக்கத்துக்கு மாறாகக் குறைவு. கன்ட்ரோல் சாதுவாக இருந்ததால் மருந்து வீரனாகத் தெரிந்தது. அங்கே குறி வைரஸ் மரபணு. ஓம்புயிர் மரபணுவில் கைவைக்கும்போது இன்டர்ஃபெரானோடு, செல் சோர்ந்துபோவதாலேயே டைட்டர் இறங்கும் வாய்ப்பும் சேர்ந்துகொள்கிறது.

செல்தட்டில் தேறிய குறி உடலிலும் தேறும் என்ற உறுதியும் இல்லை. ஹெபடைட்டிஸ் சி-க்கு பி.ஐ.4.கே.ஏ. கட்டாயத் தேவை என்று 2009-இல் பல ஆய்வகங்கள் தனித்தனியே கண்டன; இத்துறையில் அவ்வளவு ஒருமித்த முடிவு அபூர்வம். பிறகு, வளர்ந்த எலிகளில் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தால் எலிகள் செத்தன. மறுபக்கம், சி.சி.ஆர்.5 பிறவியிலேயே இல்லாத மனிதர்கள் நலமாக வாழ்கிறார்கள். வெஸ்ட் நைல் வைரஸ் வந்தால் மட்டும் நோய் முற்றும் ஆபத்து அவர்களுக்குக் கூடுதல். ஒரு குறியைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த மரபணு செயலிழந்த மனிதர்களைப் பற்றி என்ன தெரியும் என்று தேடிப் பார்ப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். அதைச் செய்யாமலே இரண்டு வருட வேலையை முடித்துவிடுகிறார்கள்.

ஆகவே அடுத்த இதழ் முதல் இத்தகைய கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்பும் முன் சிலவற்றைக் கேட்கப்போகிறோம். ஒரே மரபணுவுக்குக் குறைந்தது இரண்டு வெவ்வேறு வரிசைகள். விதையை அப்படியே விட்டு 9, 10, 11-ஆம் காரங்களை மட்டும் மாற்றிய சி911 கன்ட்ரோல். குறுக்கீட்டுக்கு அகப்படாத சி.டி.என்.ஏ.வைத் திருப்பிக் கொடுத்தபோது வைரஸும் திரும்பியதா என்ற சோதனை. இதைச் செய்ய முடியாத இடத்தில் கிரிஸ்பர் நீக்கத்தை ஏற்போம். வைரஸ் அளவெடுத்த அதே நேரத்தில் எடுத்த செல் உயிர்ப்பும் இன்டர்ஃபெரான்-பீட்டா அளவும். பயன்படுத்திய வரிசைகள் முழுதாகக் கட்டுரையிலேயே இருக்க வேண்டும். நிறுவனத்தின் அட்டவணை எண்ணை மட்டும் தந்தால் பிரதியைத் திருப்பி அனுப்புவோம்.