மெஷினுக்கு உண்டு... கூரைக்கு இல்லையா?



‘கடன்’ என்ற சொல்லே நமக்குக் கசக்கும். டிப்ளமோ சேர நகையை அடகு வைத்த வீடுகள் நம்மில் எத்தனை! ஆனாலும் இந்த மலரில் கடனுக்கு ஆதரவாகத்தான் எழுத வந்திருக்கிறேன்.

சித்திரை மாதத்தில் சிங்காநல்லூர், கணபதி பக்கம் சிமெண்ட் சீட் போட்ட லைன் வீட்டுக்குள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பாருங்கள். ஃபேன் சுற்றும். காற்று வராது, அனல்தான் வரும். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் அதற்குள்தான் தூங்க வேண்டும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கலாம், உள்ளே சீலிங் போடலாம், கரண்ட் குறைவாகத் தின்னும் ஃபேன் மாட்டலாம். யார் செய்வது? ஒரு லைன் வீட்டு உரிமையாளரிடம் கேட்டேன்.

“ஏங் கண்ணு, கரண்டு பில்லு கட்டறது குடியிருக்கறவங்க. நா எதுக்கு வட்டிக்கு வாங்கிக் கூரைக்குச் செலவு பண்ணோணும்?”

அவர் கேட்டதில் தப்பில்லை. குடியிருப்பவரைக் கேட்டால், “அடுத்த வருஷம் இங்க இருப்பமோ என்னமோ தம்பி” என்கிறார். அதுவும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் கூரை கொதிக்கிறது!

அரசு வட்டியில் உதவுவது நமக்குப் புதிதா? 1999 ஏப்ரலில் வந்த ‘டஃப்’ திட்டத்தில், ஜவுளி மெஷின் வாங்கும் கடனுக்கு 5 சதவீத வட்டியை மத்திய அரசு ஏற்றது. கோவை மில்களுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் அது கை கொடுத்தது. 2025 ஜூலையில், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கருவிகள் வாங்கக் குறு, சிறு தொழில்களுக்கு 5 சதவீத வட்டி மானியம் அறிவித்தார்கள். வீடுகளுக்கு? 2024 பிப்ரவரியில் ‘பிரதமர் சூர்ய கர்’ திட்டம் வந்தது. 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம், அடமானம் இல்லாத கடன். நல்ல திட்டம்தான். ஆனால் சொந்தக் கூரை உள்ளவருக்கு, அதுவும் கரண்ட் தயாரிக்க! இருக்கிற கரண்டை மிச்சம் பிடிக்கக் கடன் கேட்கும் வீட்டுக்காரருக்கு வழி எங்கே?

சின்னக் கணக்கு ஒன்று. 75 வாட் ஃபேனைக் கழற்றி 30 வாட் ஃபேன் மாட்டுங்கள். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 32 யூனிட் மிச்சம். “முதல் 100 யூனிட் இலவசம் ஆச்சே, குடியிருக்கறவனுக்கு என்ன லாபம்?” என்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது! அந்த 100 யூனிட்டுக்கு மின்வாரியத்துக்குப் பணம் கொடுப்பது தமிழக அரசு. அதில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் அரசுக்கே மிச்சம். அப்படியானால் கூரைக் கடனின் வட்டியை அரசு ஏற்பது தர்மமா? இல்லை நண்பா, வரவு!

வெளிநாட்டுப் பாடமும் இருக்கிறது. பிரிட்டனில் 2013 ஜனவரியில் ‘கிரீன் டீல்’ வந்தது. வீட்டைச் சீர்திருத்தும் கடனைக் கரண்ட் பில்லோடு தவணையாகப் பிடித்தார்கள். குடியிருப்பவர் மாறினாலும் கடன் மீட்டரோடு நிற்கும். அருமையான யோசனை! ஆனால் வட்டி ஏறக்குறைய 7 சதவீதம். அங்கே வீட்டுக் கடனே அதைவிட மலிவு. யார் வாங்குவார்? 2015 ஜூலையில் அரசு கையை விரித்தது. ஜெர்மனியிலோ, அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ. பழைய கட்டடங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்து, தகுதி பெற்ற நிபுணரின் சான்று பார்த்து, ஒரு பகுதியைத் தள்ளுபடியும் செய்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான். கடன் மீட்டரின் பேரில் இருக்கட்டும். தவணை பில்லோடு வரட்டும். வட்டியை அரசு ஏற்கட்டும். கடன் வாங்கிய உரிமையாளர் அதைக் காட்டி வாடகையை ஏற்றக் கூடாது என்றும் எழுதி வைக்கட்டும்.

சான்று கொடுப்பது யார்? நாம்தான்! கூரையை அளக்க சிவில், மீட்டரைப் பார்க்க எலெக்ட்ரிக்கல். வேலை இல்லை என்று புலம்பும் நமக்கு, ஊரெல்லாம் கூரை கொதிப்பது கண்ணில் படவில்லையா?

படித்த படிப்பு, நைட் ஷிப்ட் முடித்து வந்த ஒருவருக்குப் பகலில் நல்ல தூக்கம் கொடுத்தால் அதைவிடப் பெரிய பட்டம் ஏது? சிந்திப்போம் தோழர்களே, தோழியரே!