ஒடிந்த குன்றும் ஓடும் ரயிலும்

பூகோளப் படத்தில் ஒரு தேசத்தைப் பார்ப்பது ஒரு விதம். அதன் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ரயிலில் செல்வது வேறு விதம். படத்தில் வெறும் மஞ்சள் நிறமாகத் தோன்றும் இடங்களிலும் மனிதர் வாழ்ந்து, உழைத்து, மடிந்திருக்கிறார்கள் என்பது ரயில் நிற்கும்போதுதான் மனத்தில் உறைக்கும்.

ஆஸ்திரேலியாவில் 'இந்தியன் பஸிபிக்' என்று ஒரு ரயில் ஓடுகிறது. கிழக்கே பஸிபிக் சமுத்திரக் கரையிலுள்ள ஸிட்னியிலிருந்து மேற்கே இந்து மகா சமுத்திரத்தை அடுத்த பெர்த் நகருக்குச் செல்வதால் அதற்கு இந்தப் பெயர். பிரயாண தூரம் 4,352 கிலோமீட்டர். அதாவது சுமார் 2,700 மைல். வழியில் 'நல்லார்பார்' என்னும் பெருவெளி வருகிறது. லத்தீன் மொழியில் அதற்கு 'மரமில்லாதது' என்று பொருள். அங்கே தண்டவாளம் 478 கிலோமீட்டர் தூரம் சிறு வளைவுகூட இன்றிச் செல்கிறது. உலகத்தில் இதைவிட நீண்ட நேரான ரயில் பாதை வேறில்லை.

எனினும், இன்று நேயர்களை நான் அழைத்துச் செல்ல விரும்பும் இடம் அதுவன்று. ஸிட்னியை விட்ட மறுநாள் காலையில் வண்டி ஒரு வறண்ட பிரதேசத்தில் நிற்கும். பிரயாணிகள் தங்கள் கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளி வைத்துக்கொள்வார்கள். ஏனெனில் அவ்வூர் நியூ ஸௌத் வேல்ஸ் மாகாணத்தைச் சேர்ந்ததாயினும், அண்டை மாகாணமான தென் ஆஸ்திரேலியாவின் மணியையே அனுசரிக்கிறது. ஊரின் பெயர் புரோக்கன் ஹில். 'ஒடிந்த குன்று' என்று நாம் சொல்லலாம். பெயருக்குக் காரணமான குன்று இன்று இல்லை. அதை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டார்கள்!

1883-ல் சார்லஸ் ராஸ்ப் என்ற ஜெர்மானியர் அங்கே ஓர் ஆட்டுப் பண்ணையில் எல்லைக் காவல் பார்த்து வந்தார். குன்றின் கருங்கற்களைக் கண்டு, அவற்றில் வெள்ளீயம் இருக்குமென்று எண்ணினார். இருந்தவையோ வெள்ளியும் காரீயமும் துத்தநாகமும். 1885-ல் ஒரு கம்பெனி ஏற்பட்டது. இன்று உலகமெங்கும் பி.எச்.பி. என்று பெயர் பெற்றிருக்கும் பெருங் கம்பெனி அதுதான். முதலிரண்டு எழுத்துகள் இந்த ஊரைக் குறிப்பவை. ஊரின் வீதிகளுக்கும் ஆர்ஜென்ட், குளோரைட், ஆக்ஸைட், ஸல்பைட் என்றே பெயரிட்டார்கள். ரஸாயன பாடப் புத்தகத்துக்குள் நடப்பது போலத் தோன்றும்!

கனிப்பொருள் கிடைத்தது; அதைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்ல ரயில் வேண்டுமே? தென் ஆஸ்திரேலிய சர்க்கார் தன் எல்லை வரை பாதை போடச் சித்தமாயிருந்தது. எல்லைக்கு இப்பால் அந்த சர்க்கார் பாதை போட நியூ ஸௌத் வேல்ஸ் இடங்கொடுக்கவில்லை. முடிவில் ஒரு தனியார் கம்பெனி 1888-ல் சுமார் 36 மைல் பாதையைப் போட்டு முடித்தது. சட்டத்தில் அதற்கு 'டிராம்வே' என்று பெயர். ஓடியதோ சாட்சாத் ரயில்தான். மாகாணத்துக்கு மாகாணம் தண்டவாளத்தின் அகலமும் மாறியிருந்தது. ஒரே தேசத்துக்குள் பிரயாணம் செய்பவர்கள் மூட்டையும் முடிச்சுமாக வழியில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. ஸிட்னியிலிருந்து பெர்த் வரை ஒரே வண்டியில் செல்லும் வசதி 1970-ல்தான் கிட்டியது.

கனிப்பொருள் வெளியே போயிற்று. செல்வமும் உடன் போயிற்று. தூசியும் நோயும் சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலில் தங்கின. 1919-ல் அவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஒரு நாளல்ல, ஒரு மாதமல்ல, ஏறக்குறைய பதினெட்டு மாதங்கள்! வருமானமின்றிக் குடும்பங்கள் பட்ட துன்பத்தைச் சொல்லி முடியாது. ஆனால் 1920-ல் அவர்கள் வென்றார்கள். பூமிக்கடியில் வேலை செய்வோருக்கு வாரத்துக்கு 35 மணி நேரமே வேலை என்றும், தொழிலால் நோயுற்றவர்களுக்கு நஷ்டஈடு என்றும் ஏற்பட்டது. உலகின் பல பாகங்களில் 48 மணிக்கே தொழிலாளர் போராடிக்கொண்டிருந்த காலம் அது.

ஊருக்கு இன்னொரு ஆபத்தும் வந்தது. உலைக்கும் சுரங்கத்துக்கும் சுற்றுப்புறத்து மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். ஆடுகளும் முயல்களும் எஞ்சிய பசுமையைத் தின்றன. காற்றடித்தால் மணல் மலைபோல வந்து வேலிகளை மூடிற்று. சுரங்கத்தில் கனிகளைப் பரிசோதிக்கும் வேலையிலிருந்த ஆல்பர்ட் மோரிஸ் என்பவருக்குச் செடி கொடிகளில் அளவற்ற ஈடுபாடு. ஊரைச் சுற்றி வேலி கட்டி ஆடு முயல்களைத் தடுத்தால், அந்த மண்ணுக்குரிய செடிகள் தாமே தழைக்கும் என்று அவர் சொல்லி வந்தார். 1936-ல் ஒரு சுரங்கக் கம்பெனியின் உதவியுடன் வேலி எழுந்தது. செடிகளும் தழைத்தன. 1939-ல் அவர் காலமானார். அவருக்குப் பின்னும் அந்தப் பணி வளர்ந்து, ஊரைச் சூழ்ந்து பசுமை அரணாயிற்று.

அதே 1939-ல், ஊரின் பெயரைத் தாங்கிய கம்பெனி அங்கே தன் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறியது. வேறு கம்பெனிகள் தொழிலை நடத்தின. சுரங்க வேலை இன்றும் நடக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் முப்பதாயிரத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை இப்போது இருபதாயிரத்துக்கும் குறைவு.

ஊருக்கு நடுவே, சுரங்கக் கழிவுக் கற்கள் குவிந்த மேட்டின்மீது 2001-ல் ஒரு ஞாபகச் சின்னம் திறக்கப்பட்டது. சுரங்கங்களில் உயிரிழந்த எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை, அவர்கள் மாண்ட விதத்துடன் அங்கே பொறித்திருக்கிறார்கள். ரயில் சில மணி நேரமே நிற்கிறது. ஆயினும் பிரயாணிகளில் பலர் அங்கே சென்று அந்தப் பெயர்களைப் படித்துவிட்டே திரும்புகிறார்கள்.

மோட்டார் பாட்டரியில் காரீயம் இருக்கிறது. நம் வீட்டு இரும்பு வாளியின் மேல் துத்தநாகம் பூசியிருக்கிறது. அவை எந்தத் தேசத்துச் சுரங்கத்திலிருந்து வந்தாலும், எவரோ இருட்டில் இறங்கி வெட்டியெடுத்தவைதாம். அவர்களுடைய பெயர்களைப் பொறித்துவைத்த ஊர்களும் உண்டு. புரோக்கன் ஹில் அவற்றுள் ஒன்று என்பது, அங்கே கிடைத்த வெள்ளியைக் காட்டிலும் அந்த ஊருக்குப் பெருமை தருவதாகும்.