சான்டோரினி கேட்ட பிள்ளைக்கு நாங்கள் சொல்ல வேண்டிய பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. பத்தாம் தரப் பிள்ளைகளின் பெற்றார் கட்டாயம் வாசியுங்கள்.

இந்த வருஷம் கல்விச் சுற்றுலா எங்கே போகலாம் என்று பிள்ளைகளிடம் துண்டுக் கடதாசியில் எழுதித் தரச் சொன்னோம். பாதிப் பேர் நீர் விளையாட்டுப் பூங்கா. அடுத்தது நுவரெலியா. ஒரு பிள்ளை மட்டும் "சான்டோரினி, கிரீஸ்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் வரைந்திருந்தாள். ஸ்டாஃப் ரூமில் நாங்களும் சிரித்தோம். ஏன் அந்த ஊர் என்று கூப்பிட்டுக் கேட்டால், வீடியோவில் பார்த்தாளாம்: ஒரு கரையில் மண் கறுப்பு, இன்னொன்றில் சிவப்பு. "மண் எப்படிக் கறுப்பா இருக்கும்?" என்று எங்களையே திருப்பிக் கேட்டாள்.

அதோடு எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அதே பிள்ளை தவணைப் பரீட்சையில் "இல்மனைட் கிடைக்கும் இடம்: புல்மோட்டை" என்று எழுதி முழுப் புள்ளி எடுத்தவள். புள்ளி போட்டவர்கள் நாங்கள். புல்மோட்டை என்றால் ஒரு கறுப்புக் கடற்கரை என்று அவளுக்குத் தெரியவில்லை. பிழை அவளுடையதில்லை.

சான்டோரினியின் கதை எரிமலைக் கதை. சுமார் 3600 வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வெடிப்பில் தீவின் நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிப் போனது. பெரிசா, கமாரி கரைகளில் கிடக்கும் கறுப்பு, எரிமலைப் பாறை உடைந்து வந்தது. அக்ரோத்திரிப் பக்கம் உள்ள செங்கரையின் சிவப்பு, பாறையில் உள்ள இரும்பு துருப்பிடித்த நிறம். படத்தில் அழகு, உண்மைதான். ஆனால் அந்தச் செங்கரையில் பாறை சரியும் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் விடாமல் நிலம் அதிர்ந்தபோது ஆயிரக்கணக்கான பேர் அந்தத் தீவை விட்டே வெளியேறினார்கள்.

எங்கள் நாட்டில் எரிமலை இல்லை. ஆனாலும் கறுப்புக் கரை இருக்கிறது.

கல்வியியல் கல்லூரியில் எங்களோடு படித்த ஒரு நண்பரின் ஊர் புல்மோட்டை. விடுதியில் அவரை "கறுப்பு மண் ஊர்க்காரர்" என்று கேலி செய்வோம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, போன வருஷம் ஓகஸ்ட் லீவில்தான் ஆசிரியர்கள் மூன்று குடும்பம் ஒரு வேனில் அவர் வீட்டுக்குப் போனோம். திருகோணமலையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீற்றர். நிலாவெளியில் மண் வெள்ளை. குச்சவெளி தாண்டிப் போய் அரிசிமலைக் கரையில் இறங்கினால் பருமணல், உள்ளங்கையில் அள்ளினால் அரிசி மணி போலவே இருக்கிறது. அதற்கும் அப்பால் புல்மோட்டையில் கறுப்பு. ஒரே ரோட்டில், ஒரே பகலில் மூன்று விதம். மலைகளின் வெள்ளையையும் சிவப்பையும் கருமையையும் சிந்திக்கச் சொல்லும் சூரா பாத்திரின் ஆயத்தை எத்தனையோ தடவை ஓதியிருக்கிறோம். கால் சுட்டபோதுதான் நின்று யோசித்தோம். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே சுட்டது. மத்தியான வெயிலில் கறுப்பு மண் அடுப்புக் கல் மாதிரி. செருப்பைக் கழற்றிய பிள்ளைகள் ஒரே ஓட்டமாகத் தண்ணீருக்குள் போய் நின்றார்கள்.

நிலாவெளியில் ஒரு யோகட் கோப்பையில் வெள்ளை மண் எடுத்து வைத்திருந்தோம். இன்னொரு கோப்பையில் கறுப்பு மண்ணை அள்ளி இரண்டையும் பிள்ளைகளின் இரண்டு கையில் கொடுத்தோம். கறுப்பைப் பிடித்த கை சட்டென்று கீழே இறங்கியது. வெள்ளை மண் பெரும்பாலும் குவார்ட்ஸ், தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் கூடக் கனம். இல்மனைட் நாலரை மடங்குக்கும் மேல். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கறுப்பு மணிகள் எழுந்து வந்து ஒட்டும். வெள்ளை அசையாது. பிறகு இரண்டையும் அங்கேயே கொட்டிவிட்டோம். போத்தலில் நினைவுக்குக் கொண்டு வரலாம் என்று ஒருவர் ஆசைப்பட்டார். வேண்டாம் என்றோம்.

கறுப்பு எப்படி வந்தது? மலைநாட்டின் பழம்பாறைகள் மழையில் கரைந்து உடைந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்தன. உம்மும்மா சுளகில் அரிசி கொழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலும் அதைத்தான் செய்கிறது. இலேசான மண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டு, கனமானதைக் கரையில் விடுகிறது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து அலை ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கும் என்று நண்பர் சொன்னார். சான்டோரினியில் நெருப்பு செய்ததை இங்கே தண்ணீர் மெதுவாகச் செய்திருக்கிறது.

இனி எங்கள் மனதைக் குடைகிற விஷயம். 1957 இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மண்ணைப் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். இன்றைக்கும் பெரும்பாலும் மண்ணாகவேதான் கப்பல் ஏறுகிறது. இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டைஒக்சைட்தான் வெள்ளைப் பெயின்ட்டுக்கு வெண்மை தருவது. பற்பசைக்கும் கடதாசிக்கும் அதுதான். சேர்கோன் டைல்ஸின் பளபளப்புக்குப் போகிறது, ரூட்டைல் வெல்டிங் கூர்களுக்கு. நோன்பு வருமுன் பள்ளிவாசல் சுவருக்கு வெள்ளை அடிக்க வாளி வாளியாகப் பெயின்ட் வாங்குகிறோமே, அதற்குள் இருக்கும் வெண்மையை அந்நிய விலைக்குத்தான் வாங்குகிறோம். அதன் மூலப்பொருள் எங்கள் கரையில் கறுப்பாகக் கிடக்கிறது. இரசாயனமும் பொறியியலும் படிக்கப்போகும் பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்காமல் எப்படி அந்தத் தொழிலை இங்கே கொண்டு வருவார்கள்? 2025 இல் மன்னார் மக்கள் கனிய மணல் அகழ்வுக்கு எதிராக ஏன் வீதியில் இறங்கினார்கள் என்பதும் புத்தகத்து ஒரு வரியில் புரியாது.

அந்த ஊர் பட்டதும் கொஞ்சமில்லை. 1997 இல் மணல் ஏற்ற வந்த கோர்டியாலிட்டி கப்பல் அந்தக் கடலிலேயே தாக்கப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகுதான் அந்த ரோட்டுக்குப் பாலங்கள் வந்தன. அதற்கு முன் பாதையில் ஏறி இறங்கித்தான் திருகோணமலைக்குப் போக வேண்டும். லீவு முடிந்து நண்பர் விடுதிக்குப் பிந்தி வரும்போதெல்லாம் நாங்கள் திட்டியிருக்கிறோம். காரணம் அந்த ரோட்டில் போனபோதுதான் விளங்கியது.

பெற்றாரிடம் பேச்சுக் கொடுத்தபோது ஒரு வாப்பா கேட்டார்: "மண்ணைப் பார்க்க முந்நூறு கிலோமீற்றரா சேர்? வெள்ளவத்தையில மண் இல்லையா?" நல்ல கேள்வி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மண்ணையும் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். முதல் யோகட் கோப்பையை அங்கேயே நிரப்பிக்கொண்டு புறப்படலாம்.

அதைவிடப் பாரமான கேள்வி உம்மாமாருடையது. பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம், இரவு தங்க அனுப்புவதா? இந்தப் பயத்தை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. எங்களுக்கும் மகள்மார் இருக்கிறார்கள். ஆனால் தூரப் பயணம் என்றால் பெண் பிள்ளைகள் வீட்டில் நிற்பது எங்கள் பாடசாலையில் வழக்கமாகவே போய்விட்டது. கேள்வி கேட்டதே ஒரு பெண் பிள்ளை. ஆண் பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவளுக்குப் பதில் சொல்வதா? ஆகவே பெண் ஆசிரியைகள் நான்கு பேர் வருகிறோம் என்று பெயர் கொடுத்திருக்கிறோம். உம்மாமார் ஆறு பேருக்கு பஸ்ஸில் இடம் ஒதுக்குவோம். தங்குவதற்குப் பெண்களுக்குத் தனியாக ஒரு வீடு பார்த்துத் தருவதாக நண்பரின் குடும்பம் சொல்லியிருக்கிறது. கடலில் குளிப்பு இல்லை, கால் நனைப்பது மட்டும். தொழிற்சாலை எல்லைக்குள் போக முன்கூட்டியே கடிதம் போட வேண்டும், அதையும் எழுதுகிறோம்.

பணம் இருப்பவர்கள் கிரீஸுக்குப் போங்கள், நாங்கள் தடுக்கவில்லை. போய்வந்தால் அங்கத்தைய கறுப்பையும் இங்கத்தைய கறுப்பையும் ஒப்பிட்டு வகுப்பில் வந்து பேசுங்கள்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பெற்றார் கூட்டம். உம்மா, வாப்பா இருவரும் வாருங்கள். மறுப்பு இருந்தால் வட்ஸ்அப்பில் எழுதாமல் அங்கே வந்து நேரில் சொல்லுங்கள். காந்தம் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. யார் வீட்டிலாவது பழுதான ஹார்ட் டிஸ்க் கிடந்தால் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள்.